கலரியிலிருந்து வந்த தீர்ப்பு

"படம் எப்படி?" என்று ஒருவர் கேட்கின்றார். "பறவாயில்லை, ஒருக்காப் பார்க்கலாம்" என்கின்றார் மற்றவர். பஸ் தரிப்பிடத்திலும் சந்தையிலும் அலுவலக வாசலிலும் நாள்தோறும் நிகழும் இந்தச் சிறிய உரையாடலை எவரும் இலக்கியம் என்று கொள்வதில்லை. விமர்சனம் என்றும் கொள்வதில்லை. இந்தத் தொடரிலே பெரும்பாலும் நூல்களைப் பற்றியும் நூலாசிரியர்களைப் பற்றியும் பேசப்படுகின்றது. நூலை வாசித்தவன், நாடகத்தைப் பார்த்தவன், படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனவன் ஆகியோர் என்ன சொன்னார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதிவைத்தவர் மிகக் குறைவு. இன்று அந்த வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்போம்.

எம்முடைய பழைய இலக்கிய மரபிலே ஒரு படைப்பின் தரத்தைத் தீர்மானிப்பவர்கள் புலவர்கள். அரங்கேற்றம் என்பதே கற்றோர் கூடிய அவையின் தீர்ப்புக்கு நூலை வைத்தல்தான். ஆயினும் அந்த மரபுக்குள்ளேயே அதற்கு மாறான ஒரு கதையும் இருக்கின்றது. இறையனார் அகப்பொருளுக்குச் சங்கப் புலவர் நாற்பத்தொன்பதின்மரும் உரை கண்டபோது எவருடைய உரை சிறந்தது என்ற வழக்கு எழுந்ததாம். தீர்ப்புச் சொல்ல உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுச் சிறுவனை அழைத்து வந்து ஆசனத்தில் இருத்தினார்கள். அவன் பேச்சு வராத பிள்ளை. உரைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அவன் அசையவில்லை. மருதன் இளநாகனார் உரையைக் கேட்டபோது சிற்சில இடங்களிலே கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரனார் உரைக்குச் சொல்தோறும் அப்படியே ஆனான். அதுவே தீர்ப்பாயிற்று. இக்கதையை நடந்த வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்லிவைத்தவர் யாரோ, கல்வி கேள்விகளிலே வல்ல நாற்பத்தொன்பது பேரையும் ஒரு வாய்பேசாச் சிறுவனின் கண்ணீருக்கு முன்னே நிறுத்தத் துணிந்திருக்கின்றார். படமாளிகையிலே விளக்கு எரியும்போது சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போகின்ற மனிதனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உருத்திரசன்மனின் நினைவு வரும்.

திரைப்படம் என்ற கலை பிறந்து சில மாதங்களிலேயே அதைப் பார்த்த ஒருவர் தம் கருத்தை எழுதிவைத்துள்ளார். 1895 டிசம்பர் 28 இல் பாரிஸ் நகரத்துக் கோப்பிக்கடையொன்றின் கீழ்த்தளத்திலே லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டினார்கள். அடுத்த ஆண்டு கோடையிலே அந்தக் காட்சி ரஷ்யாவின் நிஷ்னி நோவ்கொரொட் சந்தைக்கு வந்தது. அங்கே போய்ப் பார்த்த உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவர் புனைபெயரிலே ஒரு குறிப்பு எழுதினார். அவர் வேறு யாருமல்லர். பின்னாளிலே 'தாய்' நாவலை எழுதிய மாக்சிம் கோர்க்கிதான். எமது முற்போக்கு எழுத்தாளர் பலருக்கு ஆதர்சமாக இருந்தவர் அவர். அப்போது வயது இருபத்தெட்டு. திரையிலே கண்டது உயிருள்ள மனிதரையல்ல, நிறமும் ஒலியும் இல்லாத நிழல்களின் இராச்சியத்தை என்ற பொருள்பட அவர் எழுதியிருக்கின்றார். சாம்பல் நிற மரங்கள், சாம்பல் நிற முகங்கள், சிரிக்கின்றார்கள் ஆனால் சிரிப்பொலி கேட்கவில்லை - இது அவருக்கு அச்சமூட்டியது. இந்தப் புதுமை விரைவிலே கீழ்த்தரமான ரசனைக்குத் தீனி போடும் வழியிலே போகும் என்றும் அவர் எதிர்பார்த்தார். சினிமாவைப் பற்றிய ஆரம்ப அபிப்பிராயங்களுள் ஒன்றிலேயே வியப்பும் சலிப்பும் கண்டனமும் ஒன்றாக இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். கோர்க்கி அன்று நிபுணராகப் போகவில்லை. அன்றைக்குச் சினிமா நிபுணர் என்று உலகிலே எவரும் இருக்கவும் இல்லை. ஏனையோரைப் போலச் சந்தைக்குப் போனவர், பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

லூமியேரின் புகையிரதப் படத்தைக் கண்ட மக்கள் தம்மேல் வண்டி ஏறப்போகின்றதென்று அஞ்சி எழுந்து ஓடினார்கள் என்று ஒரு கதை எல்லா நூல்களிலும் சொல்லப்படுகின்றது. அதற்கு உறுதியான சான்று இல்லை என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பாமர இரசிகன் என்றால் படத்தையும் உண்மையையும் பிரித்தறியாத அப்பாவி என்று எண்ணுவது படித்தவர்களுக்கு எப்போதும் பிடித்தமான ஒன்று. அந்த எண்ணமே இக்கதைக்கு இத்தனை ஆயுளைத் தந்தது என்பது என் அபிப்பிராயம்.

1917 இலே பால்கே தயாரித்த 'லங்கா தகன்' படத்திலே இராமன் தோன்றியதும் பார்த்திருந்தவர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு அமர்ந்தார்கள் என்று இந்தியத் திரைப்பட வரலாறு கூறும். இதையும் அறியாமை என்று சிரிப்பவர் உண்டு. கோயில் வீதியிலே இராம நாடகம் பார்க்கும்போது கைகூப்பியவன் திரையிலே இராமனைக் கண்டால் என்ன செய்வான்? நடிப்பவன் ஒரு மனிதன் என்று கூத்துப் பார்த்தவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டே செய்யும் மரியாதை அது.

எமது நாட்டிலே படக்காட்சி 1901 இலே தொடங்கியதாகக் கூறுவர். அந்தக் காட்சி ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேக்கும் இங்கே சிறைவைக்கப்பட்டிருந்த போயர் யுத்தக் கைதிகளுக்கும் காட்டப்பட்டது. ஆள்பவரும் அடைபட்டவரும் இந்த நாட்டின் முதற் பார்வையாளராக இருந்திருக்கின்றனர். 1925 இலே 'ராஜகீய விக்கிரமய' என்ற மௌனப்படம் எடுக்கப்பட்டது. பின்னாளிலே இடதுசாரித் தலைவராகவும் நிதியமைச்சராகவும் விளங்கிய கலாநிதி என்.எம்.பெரேரா அதிலே நடித்திருந்தார். அப்படம் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் காட்டப்பட்டது. இலங்கையிலே காட்டப்படுமுன் படச்சுருள் தீக்கிரையாயிற்று. இந்நாட்டவர் எடுத்த முதற்படத்தைப் பற்றி இந்நாட்டு இரசிகன் ஒரு சொல்லும் சொல்ல வாய்க்கவில்லை. தீயைப் பற்றி மேலும் சொல்ல வேண்டி வரும்.

தமிழிலே 1931 ஒக்டோபர் 31 இலே சென்னையில் வெளிவந்த 'காளிதாஸ்' முதற் பேசும்படம் எனப்படுகின்றது. எச்.எம்.ரெட்டி இயக்கினார், ரி.பி.ராஜலட்சுமி கதாநாயகி. தமிழும் தெலுங்கும் அதிலே கலந்து வந்தன. காளிதாசன் கதையிலே தியாகராஜர் கீர்த்தனையும் இடம்பெற்றது. கதையோடு எவ்வகையிலும் தொடர்பில்லாத தேசியப் பாடலும் இடம்பெற்றது. இன்றைய விமர்சகன் கையிலே இப்படம் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மக்களோ திரண்டு போய்ப் பார்த்தார்கள். படம் பேசுகின்றது, அதுவும் எங்கள் பாட்டைப் பாடுகின்றது என்பது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று இல்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் எடுத்த 'கீசகவதம்' முதலிய தமிழகத்து மௌனப்படங்களும் இல்லை. அவற்றைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பார்த்தவர் சொன்னதும் அக்காலப் பத்திரிகைகளிலே எழுதப்பட்டதும் நாலைந்து புகைப்படங்களும்தாம். படைப்பு அழிந்துவிட்டது, அபிப்பிராயம் எஞ்சியிருக்கின்றது. நூலழிந்து உரைமேற்கோளிலே மட்டும் வாழும் பழந்தமிழ் நூல்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருவோம். படமாளிகைக்குள் முதன்முதலாக நுழைந்த யாழ்ப்பாணத்து இரசிகன் வெறுங்கையோடு நுழையவில்லை. விடிய விடியக் கூத்துப் பார்த்த கண்ணோடும், இசை நாடகம் கேட்ட காதோடும், கோயில் வீதியிலே நாதஸ்வரக் கச்சேரிக்கு முன்னால் மணலிலே குந்தியிருந்து தலையாட்டிய பழக்கத்தோடும் நுழைந்தான். இன்ன பாத்திரத்துக்கு இன்னார்தான் வாய்ப்பானவர், இந்த இடத்திலே பாட்டை இழுத்திருக்கக்கூடாது, அந்த இடத்திலே அழுகை பிந்திவிட்டது என்று தீர்க்கமாகப் பேசக்கூடியவன் அவன். காங்கேசன்துறை வசந்தகான சபாவின் வி.வி.வைரமுத்து மயான காண்டத்திலே அரிச்சந்திரனாக வந்து பாடும்போது ஊர்முழுவதும் அழுதது. அழுதுகொண்டே, சென்ற முறை வேறோர் ஊரிலே பாடியதோடு இம்முறை பாடியதை ஒப்பிட்டும் பார்த்தது. ஒரே நாடகத்தைப் பத்துத் தரம் பார்த்தவர்கள் அவர்கள். கதை தெரிந்தவனுக்கு எப்படிச் செய்கின்றான் என்பதிலேதான் கண்ணிருக்கும். ஆகவே அவன் சினிமாவைப் பற்றிச் சொன்ன ஒற்றைச் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு நீண்ட பயிற்சி இருந்தது.

இங்கே ஒரு முக்கியமான விடயத்தைச் சொல்ல வேண்டும். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981 இலே ஆங்கிலத்தில் வெளியிட்ட தமிழ்ச் சினிமா பற்றிய ஆய்விலே ஒரு கருத்தை எடுத்துரைத்தார். தமிழர் யாவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நிகழ்ச்சியொன்றைப் பார்த்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே. அங்கே எங்கே இருப்பது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையிலிருந்த காசே தீர்மானித்தது என்பது அக்கருத்து. மேலோட்டமாகப் பார்த்தால் இது சாதாரணமாகத் தோன்றலாம். யாழ்ப்பாணத்து நிலைமையை நினைத்துப் பாருங்கள். கோயிலின் உள்வீதி ஒரு சாராருக்கு அடைக்கப்பட்டிருந்தது. கிணறு அடைக்கப்பட்டிருந்தது. தேநீர்க்கடையிலே அவர்களுக்குப் போத்தலிலோ தகரப் பேணியிலோ வெளியே வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். 1957 இலே இதனைத் தடுக்கும் சட்டம் வந்தும் வழக்கம் ஓயவில்லை. 1966 ஒக்டோபர் 21 இலே சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போய், அதன் பின் வந்த ஆண்டுகளிலே அடியும் உதையும் வெட்டும் கொலையும் கண்டுதான் தேநீர்க்கடைகளும் கோயில்களும் திறந்தன.

அந்தக் காலத்திலே நடந்திருக்கக்கூடியதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வின்சரிலோ ராஜாவிலோ மனோகராவிலோ மாலைக் காட்சி முடிகின்றது. கலரியிலே அருகருகே இருந்து ஒரே பாட்டுக்குச் சீழ்க்கையடித்த, ஒரே இடத்திலே மூக்கைச் சிந்திய இருவர் வெளியே வருகின்றார்கள். ஒருவர் கடைக்குள்ளே போய் வாங்கிலில் இருந்து மூக்குப்பேணியிலே தேநீர் குடிக்கின்றார். மற்றவர் அதே கடையின் பின்பக்கம் நின்று போத்தலிலே குடிக்கின்றார். படத்தைப் பற்றி இருவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. உள்ளே இருப்பவர் சொன்னது நாலு பேர் காதிலே விழுந்தது. வெளியே நின்றவர் சொன்னது? திரைக்கு முன்னே இருள் தந்த சமத்துவம் தெருவிளக்கு வரையும்கூட நிலைக்கவில்லை. ஆயினும், தன் ஊரிலே எதைப் பற்றியும் அபிப்பிராயம் கேட்கப்படாத ஒரு மனிதன், காசு கொடுத்து நுழைந்த ஓரிடத்திலே "இது சரியில்லை" என்று உரத்துச் சொல்ல முடிந்தது. நாயகன் தாமதித்தபோது கூக்குரலிட முடிந்தது. படச்சுருள் அறுந்தபோது இயந்திரம் ஓட்டுபவரை வைய முடிந்தது. கலரிச் சத்தத்தைப் பண்பாடில்லாத கூச்சல் என்று பல்கனியிலிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. அந்தச் சத்தத்திலே எத்தனை நாள் மௌனம் இருந்தது என்பதை யாரும் அளக்கவில்லை.

பெண்களின் நிலை வேறு. இரண்டாம் காட்சிக்குப் பெண்கள் போவது குறைவு. குமர்ப்பிள்ளைகள் போவது அதனினும் குறைவு. வீட்டிலிருந்து ஒருவர் போய் வந்தால் போதும். அடுத்தநாள் அடுப்படியிலும் கிணற்றடியிலும் படம் முழுவதும் மறுபடி ஓடும். எழுத்தோட்டம் முதல் முடிவு வரை, யார் என்ன நிறச் சேலை உடுத்தாள் என்பது உட்பட, பாடல் வரும் இடத்திலே பாடியும் அழும் இடத்திலே அழுதும் கதை சொல்லத் தெரிந்த பெண்கள் ஊருக்கு ஒருவராவது இருந்தார்கள். படமாளிகை வாசலிலே விற்ற பாட்டுப் புத்தகத்திலே கதைச் சுருக்கம் இருக்கும். அது நல்ல இடத்திலே நிறுத்திவிட்டு மீதியைத் திரையிலே காணும்படி சொல்லிவிடும். அடுப்படிக் கதைசொல்லி அவ்வாறு ஏமாற்ற மாட்டாள். முடிவையும் சொல்வாள், அந்த முடிவு சரியா பிழையா என்றும் சொல்வாள். "அவள் திரும்பி அவனிட்டைப் போயிருக்கக் கூடாது" என்ற ஒரு வரியிலே ஒரு பெண் சொல்லிவிடும் திறனாய்வைப் பல பக்கக் கட்டுரையிலும் நான் கண்டதில்லை. என் உயர்தர வகுப்பு மாணவரிடமும் இதையே காண்கின்றேன். சிறுகதையொன்றைத் திறனாய்வு செய்க என்றால் வழிகாட்டி நூலிலே உள்ள வசனங்களை ஒப்புவிக்கின்றார்கள். இடைவேளையிலே படமொன்றைப் பற்றிக் கதைக்கும்போது அதே பிள்ளைகள் பாத்திர வார்ப்பு, முரண், முடிவின் பொருத்தம் எல்லாவற்றையும் தம் சொந்தச் சொல்லிலே பிரித்துக் காட்டுகின்றார்கள்.

இலங்கைத் தமிழ் இரசிகனுக்குத் தமிழகத்து இரசிகனுக்கு இல்லாத ஒரு விசித்திர நிலை வாய்த்தது. இங்கே பாட்டு முந்தி வரும், படம் பிந்தி வரும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பிலே மயில்வாகனனார் காலந்தொட்டுப் பாடல்கள் உடனுக்குடன் ஒலித்தன, கே.எஸ்.ராஜாவின் 'திரைவிருந்து' கேட்கவே வானொலியைச் சுற்றி ஆட்கள் கூடினர். 1972 இலே அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கி இறக்குமதி அதன் கைக்குப் போன பின்னர் படம் வந்து சேர மாதங்களல்ல, சிலவேளை ஆண்டுகள் ஆயின. எனவே படத்தைப் பார்க்குமுன்பே அபிப்பிராயம் உருவாகிவிட்டது. சென்னைக்குப் போய் வந்த ஒருவர் ஊருக்குள்ளே இருந்தால் அவருக்கு இருந்த மதிப்பு அரசாங்க அதிபருக்கும் இல்லை. அவர் பார்த்த படத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டவர், தாமே பார்த்ததுபோல அடுத்தவருக்குச் சொன்னார்.

அக்காலத்து அபிப்பிராயங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன. எம்.ஜி.ஆர் கட்சி, சிவாஜி கட்சி. கண்டிக்கு அண்மையிலே நாவலப்பிட்டியிலே பிறந்தவர் என்ற உரிமையும் முன்னவருக்கு உண்டு. 1965 இலே அவர் சரோஜாதேவியோடு இலங்கை வந்தபோது கூடிய கூட்டத்தைக் கண்டவர்கள் பின்னர் பல்லாண்டுகள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தனர். சிவாஜியோ 1978 இலே வெளிவந்த 'பைலட் பிரேம்நாத்' படத்திலே மாலினி பொன்சேகாவோடு இலங்கை மண்ணிலேயே நடித்தார். ஒரே வீட்டிலே தமையன் ஒரு கட்சி, தம்பி மறு கட்சி. இதிலே விமர்சனம் எங்கே என்று கேட்கலாம். கட்சிச் சண்டையிலே வெல்ல வேண்டுமானால் மறுபக்கத்து நாயகனின் படத்தையும் போய்ப் பார்த்துக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். குற்றம் காண்பதற்கென்று போனவன் சிலவேளை அழுதுவிட்டு வந்து, வெளியிலே சொல்லாமலும் இருந்திருக்கின்றான்.

பத்திரிகைகள் இந்தப் பேச்சுக்கு அச்சு வடிவம் தந்தன. 'குண்டூசி', 'பேசும் படம்' முதலிய தமிழகத்துச் சஞ்சிகைகளிலே கேள்வி பதில் பகுதியைத்தான் பலர் முதலிலே புரட்டினார்கள். அச்சிலே தன் பெயரையும் ஊரையும் காண்பதற்காக எழுதியவரும் உண்டு. உண்மையாகவே ஐயம் தீர்க்க எழுதியவரும் உண்டு. பின்னர் 'ஆனந்த விகடன்' படங்களுக்குப் புள்ளியிடலாயிற்று. 1977 இலே வந்த '16 வயதினிலே' படத்துக்கு நூற்றுக்கு அறுபத்திரண்டரை கொடுத்தது. அந்த அரைப் புள்ளி எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று விடைத்தாள் திருத்தும் தொழிலைச் செய்கின்றவன் என்ற முறையிலே நான் பலமுறை யோசித்ததுண்டு. படம் பார்த்தவனின் "பறவாயில்லை" என்ற சொல்லிலே அரைப் புள்ளி இல்லை.

ஈழத்துத் தமிழ்ப் படங்களுக்கு வரும்போதுதான் இந்த அபிப்பிராயத்தின் கடுமையை நாம் உணர்கின்றோம். 1962 இலே 'சமுதாயம்', அடுத்து 'தோட்டக்காரி' என்று தொடங்கி, 1970களிலே படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கட்டடக் கலைஞர் வி.எஸ்.துரைராஜா தயாரித்து டபிள்யூ.எஸ்.மகேந்திரன் இயக்கிய 'குத்துவிளக்கு' 1972 இலே வந்தபோது மண்வாசனை என்ற சொல் பேசப்பட்டது. மலையகத் தொழிற்சங்கவாதியான வி.பி.கணேசன் 'புதிய காற்று' தொடக்கம் மூன்று படங்கள் தந்தார். செங்கை ஆழியானின் நாவல் 1978 இலே 'வாடைக்காற்று' என்ற பெயரிலேயே படமாயிற்று. சென்னைப் படத்தின் வெளிச்சத்துக்கும் வேகத்துக்கும் பழகிய இரசிகன் இவற்றை என்ன அளவுகோலால் அளந்தான்? பெரும்பாலும் சென்னை அளவுகோலால்தான். தன் வீட்டிலே தான் பேசும் தமிழைத் திரையிலே கேட்டபோது அவன் சிரித்தான். அது மகிழ்ச்சிச் சிரிப்பா கேலிச் சிரிப்பா என்று தயாரிப்பாளரால் பிரித்தறிய முடியவில்லை.

இதற்குச் சான்றாக இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 1976 இலே வந்த 'கோமாளிகள்' வானொலியிலே வாரந்தோறும் கேட்ட நகைச்சுவைத் தொடரிலிருந்து பிறந்தது. எஸ்.ராமதாஸ் மரிக்காராகவும், செல்வசேகரன் உபாலியாகவும், ராஜகோபால் அப்புக்குட்டியாகவும் பேசிய பேச்சுகள் அதற்கு முன்பே வீட்டுக்கு வீடு தெரிந்தவை. முஸ்லிம் தமிழும் சிங்களவர் பேசும் தமிழும் யாழ்ப்பாணத் தமிழும் அங்கே உரசிக்கொண்டன. படம் நன்றாக ஓடிற்று. அடுத்த ஆண்டு வந்தது 'பொன்மணி'. சிங்களவரான தர்மசேன பத்திராஜா இயக்கினார். காவலூர் ராஜதுரை எழுதினார். யாழ்ப்பாணத்துச் சாதி, சீதனம், ஒரு பெண்ணின் திருமணம் என்பனவே பொருள். அதிலே ஆரவாரம் இல்லை. அளவான பேச்சு, நீண்ட மௌனம், நிதானமான கமரா. அதுவும் யாழ்ப்பாணத் தமிழ்தான். ஆனால் மக்கள் வரவில்லை. பின்னாளிலே ஈழத்துத் தமிழ்ப் படங்களுள் கலைத்தரம் மிக்கதாக விமர்சகர் பலரும் அதைக் கொண்டாடினர்.

இதிலே இரசிகன் பிழை விட்டானா? இலேசாக ஆம் என்று சொல்லிவிடலாம். சிங்களச் சினிமாவிலும் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' 1956 இறுதியிலே வெளிவந்து, அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவரை போயும், உள்ளூரிலே பணம் தரவில்லை. கால் நூற்றாண்டுக்குள் அதே இரசிகர்கூட்டத்திலிருந்தே அவ்வகைப் படங்களுக்கு ஒரு பார்வையாளர் அணி உருவாயிற்று. அங்கே படங்கள் தொடர்ந்து வந்தன, பேச்சும் தொடர்ந்தது, அபிப்பிராயம் மாறுவதற்கு அவகாசம் கிடைத்தது. தமிழ் இரசிகனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தைப் பற்றிய உண்மையை யாழ்ப்பாணத்தானே பார்க்க மறுத்தான் என்று 'பொன்மணி'யை வைத்துக் குற்றஞ்சாட்டுபவர்களோடு நான் பாதிதான் உடன்படுகின்றேன். தேநீர்க்கடைக் கதவு திறந்து பத்தாண்டும் முழுமையாகக் கழியாத ஊரிலே, அந்தக் கதையைத் திரையிலே பார்க்க ஒரு சாராருக்குக் கூச்சம் இருந்திருக்கும்; மறு சாராருக்கு, தாம் நாளாந்தம் பட்டதைக் காசு கொடுத்துப் பார்ப்பதிலே விருப்பம் இருந்திராது. இரண்டையும் அலட்சியம் என்ற ஒரு சொல்லாலே மூடிவிட முடியாது.

அவகாசம் ஏன் கிடைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. 1981 ஜூன் முதலாந் தேதியை ஒட்டிய இரவிலே யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. நூல்களோடு பழைய பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் எரிந்தன. 1983 ஜூலையிலே ஹெந்தலையிலிருந்த கே.குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது; மூலப்பிரதிகள் பல அதிலே அழிந்தன. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழரான கே.வெங்கட் அந்தக் கலவரத்திலே கொல்லப்பட்டார். படமாளிகைகள் எரிந்தன. 1925 இலே தொடங்கிய தீ அறுபது ஆண்டு கழித்தும் அணையவில்லை என்றே சொல்ல வேண்டும். இப்போது படமும் இல்லை, அதைப் பற்றி எழுதிய பத்திரிகையும் இல்லை என்ற நிலை பல படங்களுக்கு வந்துவிட்டது.

அதன்பின் வந்தது வீடியோக் காலம். மின்சாரம் நின்ற ஊர்களிலே மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் சேர்த்து, முற்றத்திலே ரீவியை வைத்து விடியும்வரை மூன்று நான்கு படம் போட்டார்கள். கூத்துப் பார்த்த காலம் திரும்பி வந்ததுபோல இருந்தது. பாயும் தலையணையும் கொண்டு வந்தார்கள். சிறுவர்கள் இரண்டாம் படத்திலேயே உறங்கிவிட்டார்கள். அங்கே அபிப்பிராயம் படம் முடியும்வரை காத்திருக்கவில்லை, ஓடும்போதே சொல்லப்பட்டது. "உதை ஓட்டிவிடு, சண்டைக்குப் போ" என்று சபை சொன்னால் இயக்குபவர் ஓட்டிவிட்டார். பார்வையாளன் படத்தொகுப்பாளனுமான காலம் அது.

இக்காலத்திலே முதல் நாள் முதற் காட்சி முடிந்து வெளியே வருபவரின் வாயருகே ஒலிவாங்கியை நீட்டுகின்றார்கள். ஒரு நிமிடத்திலே அவர் சொன்னது உலகெங்கும் போய்விடுகின்றது. இது படம் எடுப்பவர்களைக் கலங்கச் செய்திருக்கின்றது. 2024 நவம்பரிலே தமிழ்நாட்டுத் தயாரிப்பாளர் அமைப்பொன்று, தியேட்டர் வளாகத்திலே பார்வையாளரிடம் கருத்துக் கேட்டுப் படம் பிடிப்பதை அனுமதிக்க வேண்டாம் என்று தியேட்டர் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனமே வரக்கூடாதென்று நீதிமன்றத்தையும் நாடினார்கள். நீதிமன்றம் அவ்வாறு உடனே தடை விதிக்கவில்லை. கூலிக்கு ஏசுபவரும் கூலிக்குப் புகழ்பவரும் இருக்கின்றார்கள் என்ற தயாரிப்பாளரின் முறைப்பாட்டிலே உண்மை இருக்கலாம். அதற்காகக் காசு கொடுத்து நுழைந்தவன் மூன்று நாள் வாய்மூடி இருக்க வேண்டும் என்றால், அவனை மீண்டும் கடையின் பின்பக்கத்துக்கு அனுப்புவதாகவே எனக்குப் படுகின்றது.

எமது கல்லூரி மாணவர் சிலரிடம் ஒரு வேலை கொடுத்திருக்கின்றேன். தத்தம் ஊரிலே உள்ள எழுபது வயது கடந்தவர்களிடம் போய், அக்காலத்திலே இந்நாட்டில் எடுத்த தமிழ்ப் படங்களுள் எதைப் பார்த்தீர்கள், எந்தப் படமாளிகையிலே, எந்த வகுப்பிலே இருந்து, யாருடன், பார்த்துவிட்டு என்ன சொன்னீர்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும். இதுவரை ஒரு கொப்பி நிறைந்திருக்கின்றது. பலருக்குப் பெயர் மறந்துவிட்டது. ஆனால் ரிக்கற் விலை நினைவிருக்கின்றது, மழை பெய்தது நினைவிருக்கின்றது, யாரோ அழுதது நினைவிருக்கின்றது. சென்ற கிழமை ஒரு மாணவி குழம்பிப்போய் வந்தாள். ஒரே வீட்டிலே ஒரு பெரியவரும் அவருடைய மனைவியும் ஒரே படத்தின் முடிவை இரண்டு விதமாகச் சொல்லியிருக்கின்றார்கள். அந்தப் பெண் கடைசியிலே செத்துப்போனாள் என்பது அவர் கட்சி. சாகவில்லை, பஸ் ஏறிப் போய்விட்டாள் என்பது அம்மாவின் கட்சி. ஐம்பது வருடத்துச் சண்டையாம். எதை எழுதுவது சேர் என்று கேட்டாள். இரண்டையும் எழுது, யார் எதைச் சொன்னார் என்பதையும் எழுது என்றேன்.